கரடியின் முதுகில் குட்டி ஏறிய கதை

"'கால் வலிக்குது, தூக்கு. கால் வலிக்குது, தூக்கு.' காலையிலேருந்து இவன் வாயில வேற வார்த்தை வந்துச்சா? பெத்ததும் நான், இதைக் கேக்கறதும் நானா? அப்பான்னு நீங்க எதுக்கு இருக்கீங்க?"

இப்படிக் கத்தியவள் வேம்பி என்ற தாய்க்கரடி. அந்தக் காலத்தில் விலங்குகளுக்குப் பேச்சு இருந்தது. பேசியதில் பாதி சண்டைதான். மலைப்பாதையில் முன்னால் போய்க்கொண்டிருந்த அவள் புருஷன் மருதன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பசங்கன்னா சிணுங்கத்தான் செய்யும். நடக்க நடக்கச் சரியாயிடும்" என்றான்.

அப்போதெல்லாம் கரடிக் குட்டிகள் தாய்க்குப் பின்னால் நடந்துதான் போகும். சுமக்கிற வழக்கமே கிடையாது. வருஷத்துக்கு ஒரு முறை, இலுப்பை பூக்கும் காலத்தில், கரடிகள் குடும்பம் குடும்பமாக மலை ஏறி அந்தப்பக்கச் சரிவுக்குப் போகும். ராத்திரி உதிர்ந்த பூ விடியும்போது தரை தெரியாமல் கிடக்கும். தின்று, உருண்டு, தித்திப்பில் கிறங்கிக் கிடந்துவிட்டுத் திரும்பும். கரடிக்குத் திருவிழா என்றால் அதுதான்.

ஆனால் பனிக்காலத்தில் குகைக்குள் பிறந்த குட்டிக்கு மலை எங்கே தெரியும்? அதனால் பயணத்துக்கு முன்னால் குட்டிகளைப் பழக்க வேண்டும். முதலில் குகை வாசல் வரை, பிறகு ஓடை வரை, அதற்கப்புறம் மேட்டுப்பாறை வரை என்று கொஞ்சம் கொஞ்சமாக. அது தகப்பன் வேலை. மருதன் செய்யவில்லை. "நான் குட்டியா இருந்தப்ப யார் என்னைப் பழக்கினா? தானா நடந்தேன்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். அது பொய் என்று சொல்ல அவனுடைய அம்மா உயிரோடு இல்லை.

வேம்பி ஒரே ஒரு நாள் முயன்று பார்த்தாள். மூத்தவள் நெல்லி ஒழுங்காக வந்தாள். சின்னவன் காரையன் வழியில் இருந்த ஒரு கல்லைக்கூட விடவில்லை, புரட்டினான். வண்டைக் கண்டால் உட்கார்ந்தான். ஓடைக்குப் போய்ச் சேருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வேம்பிக்கு ஆயிரம் வேலை. மறுநாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஓடைக்கரையில் ஒரு கடமான் தன் கன்றோடு நின்றிருந்தாள். அன்றைக்கே சொல்லிப் பார்த்தாள். "நின்னு பார்க்கட்டுமே அக்கா. வழி பிடிச்சுப்போச்சுன்னா பிள்ளைங்க கால் வலியை மறந்துடும்."

"உனக்குப் புல்லு காலடியில முளைக்குது, நீ நிப்பே. எனக்கு அப்படியா?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தாள் வேம்பி.

இப்போது பாதி மலை ஏறியாகிவிட்டது. பாறை கொதித்தது. நெல்லி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். காரையனின் பாதம் குகைக்குள் ஈரமண்ணில் வளர்ந்த பாதம். பூப்போல இருந்த அது இப்போது கொப்பளித்துக் கிழிந்திருந்தது. அதைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

வழியோரம் ஒரு செம்மண் புற்று இருந்தது. காரையன் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். புற்றில் சின்னதாக ஒரு துளை.

"அம்மா, இதுக்குள்ள யார் இருக்கா?"

"உங்க தாத்தா இருக்காரு. எழுந்திரு."

"நான் வரல. கால் வலிக்குது."

மேலேயிருந்து மருதன் குரல் கொடுத்தான். "ஏ வேம்பி! மத்த கூட்டமெல்லாம் முந்திக்கும். பூ மிஞ்சாது."

வேம்பிக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. பெற்றவள் யாரும் சொல்லக்கூடாத, ஆனால் எல்லோரும் சொல்கிற அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"சரி, நீ இங்கேயே கிட. நாங்க போறோம். இனிமே நீ எங்க பிள்ளை இல்ல."

நெல்லியை இழுத்துக்கொண்டு வளைவு திரும்பி, ஒரு பாறைக்குப் பின்னால் போய் நின்றாள். இப்போது அலறிக்கொண்டு ஓடிவருவான், வந்ததும் முதுகில் ஒன்று வைத்து நடக்க வைக்கலாம் என்று கணக்குப் போட்டாள்.

"அம்மா, அவன் நிஜம்னு நம்பிடுவான்" என்றாள் நெல்லி.

"நம்பட்டும். அப்பத்தான் வருவான்."

அழுகைச் சத்தம் வரவில்லை. வீம்பைப் பார், யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்று அவளும் நின்றாள். கீழே எங்கோ ஒரு சீட்டிச் சத்தம் கேட்டது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. ஏதோ பறவை என்று நினைத்தாள். செந்நாய்கள் ஒன்றையொன்று அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்ளும் என்பது காட்டில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். கோபம் காதை அடைத்திருந்தது.

கடைசியில் அவள்தான் தோற்றாள். திரும்பி வந்தாள்.

புற்று இருந்தது. அதைச் சுற்றி மண் கிளறிக் கிடந்தது. எத்தனையோ நாய்க்கால்களின் தடம். நடுவில் ஒரு கைப்பிடி கறுப்பு மயிர். ரத்தக் கோடு ஒன்று புதருக்குள் இறங்கிப் போயிருந்தது.

"அம்மா... செந்நாய் வாடை" என்றாள் நெல்லி.

"வாயை மூடு. உன் தம்பி இதுக்குள்ள ஒளிஞ்சிருக்கான். என்கிட்ட விளையாடறான்."

அந்தத் துளையில் அவன் பாதம்கூட நுழையாது. வேம்பி மூக்கை அதற்குள் திணித்தாள். மண் பறக்க ஊதினாள். மூச்சை உறிஞ்சி வாசனை பிடித்தாள். மறுபடி ஊதினாள். நகத்தால் புற்றைப் பிளந்தாள். கரையான்கள்தான் கொட்டின.

மருதன் இறங்கி வந்தான். பார்த்தான். "நீ எதுக்கு அவனை விட்டுட்டு..." என்று ஆரம்பித்தவன், அவள் திரும்பிய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

வேம்பி குனிந்தாள். "ஏறு" என்றாள் நெல்லியிடம்.

"நான் நடப்பேம்மா."

"ஏறுன்னேன்ல."

நெல்லி ஏறி, முதுகு மயிரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேம்பி வந்த வழியே இறங்கினாள். பின்னாலேயே வந்த மருதனைப் பார்த்து உறுமினாள். அவன் நின்றான். அந்த வருஷத்து இலுப்பைப்பூ யார் யாருக்கோ உதிர்ந்தது.

அன்று முதல்தான் தாய்க்கரடி குட்டியைத் தரையில் நடக்கவிடாமல் முதுகில் சுமந்து திரிகிறது. ஆண் கரடி பக்கத்தில் வந்தால் பல்லைக் காட்டி விரட்டுகிறது. எந்தப் புற்றைக் கண்டாலும் அதைத் தாண்டிப் போக முடியாமல், துளையில் மூக்கை வைத்துக் காடே கேட்கும்படி ஊதுகிறது, உறிஞ்சுகிறது. கரையான் தின்கிறது என்பார்கள். தின்கிறதுதான். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் தின்பதற்கு முன்னால் ஒரு முறை, தாழ்ந்த குரலில், அந்த இருட்டுக்குள் கேட்கிறது:

"காரையா, விளையாடினது போதும். வெளியே வந்துடு, சாமி."