கவர் பிரிக்காத கட்டில்

பூங்கொடி வீடு வாங்கிய மூன்றாம் மாதம் திருப்பூரில் ஆர்டர்கள் குறையத் தொடங்கின.

கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு நாட்டில் வரியை ஏற்றிவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். இறங்கிவிடும் என்றார்கள் சிலர். இன்னும் ஏறும் என்றார்கள் சிலர். அவள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் ஆறு நாள் வேலை நான்கு நாளாயிற்று. செக்கிங் பிரிவில் அவள் சூப்பர்வைசர். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்க்கும் பெண்கள் இருபத்திரண்டு பேர் அவளுக்குக் கீழே இருந்தார்கள். தீபாவளி விடுமுறை முடிந்து பதினான்கு பேர்தான் திரும்ப வந்தார்கள். மற்றவர்கள் எங்கே என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

பதினாறு வருடம் ஒற்றை அறை லைன் வீட்டில் இருந்துவிட்டு வாங்கிய வீடு அது. ஒரு கூடம், இரண்டு அறை, காற்று வரும் சமையலறை. அவள் கணவன் கந்தவேல் சாயப்பட்டறையில் வேலை செய்தான். மகள் யாழினி பிளஸ் டூ படித்தாள். கடனை அடைத்து முடிக்கும்போது பூங்கொடிக்கு அறுபத்து மூன்று வயதாகியிருக்கும். கையெழுத்துப் போட்ட அன்று அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

குடிபோய் மூன்றாம் மாதம் தவணையில் கட்டிலும் சோபாவும் சாப்பாட்டு மேஜையும் எடுத்தார்கள். பிளாஸ்டிக் கவரோடு அவை வந்து இறங்கிய அதே வாரம்தான் கம்பெனியில் நாலு நாள் வேலை என்று அறிவிப்பு ஒட்டினார்கள். பூங்கொடி நேரே கடைக்குப் போனாள்.

"பிரிக்காம, கறை படாம புதுசாவே இருந்தா, ஆறு மாசத்துக்குள்ள நானே திருப்பி எடுத்துக்கறேனுங்க. மீதித் தவணையையும் விட்டுடறேன்" என்றார் கடைக்காரர். "பிரிச்சுட்டீங்கன்னா ஒண்ணும் பண்ண முடியாதுங்க. அப்புறம் அது பழசு."

அன்றிலிருந்து வீட்டில் யாரும் கவரைத் தொடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாராவது வந்தால் பழைய பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். வந்தவர்கள் சோபாவைப் பார்ப்பார்கள், பிறகு பூங்கொடியைப் பார்ப்பார்கள். அவள் காபி போட எழுந்து போய்விடுவாள்.

சுவரிலும் ஆணி அடிக்கக் கூடாது. "நாளைக்கே விக்கற மாதிரி ஆயிருச்சுன்னா? ஓட்டையைக் காட்டி விலையைக் குறைப்பாங்க" என்பாள். கடிகாரம் சமையலறையில் அரிசி டப்பாவில் சாய்ந்து நின்றது.

ஒரு நாள் காலையில் கந்தவேலால் பாயை விட்டு எழ முடியவில்லை. பட்டறையில் ஈரத் துணி மூட்டை தூக்கித் தூக்கி ஏற்கெனவே தேய்ந்திருந்த இடுப்பு. வெறும் தரை அதை ஒரேயடியாகப் பிடித்துவிட்டது. பூங்கொடியும் யாழினியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கித் தூக்கியபோது அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"கட்டில்ல படுங்க. நான் பிரிச்சுடறேன்" என்று அவள் கவரின் ஓரத்தைப் பிடித்தாள்.

"வேண்டாம்" என்றான் கந்தவேல். "இன்னும் ரெண்டு மாசந்தானே. பாத்துக்கலாம்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவன் சொன்னதும் எடுத்துக்கொண்டோமே என்பது அன்று முழுக்க அவளை அரித்தது.

பல்லடம் சாலையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு வீட்டில் சத்தியநாதன் இருந்தார். முன்பு வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையை விட்டு எட்டு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து அவரோடு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். பூங்கொடி மூன்று வருடமாகப் போகிறாள். அவளைவிட ஒன்பது வயது சின்னவர் என்பதால் அவர் அவளை அக்கா என்றார். சாமி என்று கூப்பிடாதீர்கள் என்று அவர் எத்தனையோ முறை சொல்லியும் யாரும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு எல்லோரும் போன பிறகும் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"சாமி, ஒண்ணு கேக்கணுங்க."

"கேளுங்கக்கா."

"இந்த நிலைமை எப்பங்க சரியாகும்?"

"எனக்குத் தெரியாதுங்கக்கா."

"வீடு எங்களுக்கு நிக்குமுங்களா?"

"அதுவும் தெரியாதுங்க."

"கெட்டது ஒண்ணும் நடக்காதுன்னு வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது போதும்."

சத்தியநாதன் அவளுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார்.

"சொல்லிடலாங்க. இன்னைக்கு ஒரு பொழுது நிம்மதியா இருப்பீங்க. நாளைக்கு அந்த வார்த்தை தீந்து போயிருமுங்க."

அவளுக்குக் கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"புதன்கிழமை உங்களுக்கு வேலை இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. புதனும் வியாழனும் லீவு விட்டுட்டாங்க."

"அப்ப மத்தியானம் சாப்பிட வர்றேன்."

திரும்பிப் போகும்போது பஸ்ஸில் அவளுக்கு ஒரே கவலை. சாமியை எங்கே உட்கார வைப்பது?

புதன்கிழமை அவள் அரிசிம்பருப்பு சாதமும் கத்தரிக்காய்ப் பொரியலும் செய்தாள். அவர் பஸ் இறங்கி நடந்து வந்தார். தரையில் கந்தவேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மேஜையையோ சோபாவையோ பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்தவர் உள்ளறை வாசலில் நின்றார்.

"இந்தக் கட்டில்ல யாருங்க படுக்கறாங்க?"

"யாரும் படுக்கறதில்லீங்க சாமி." பூங்கொடி கடைக்காரர் சொன்னதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே குரல் இறங்கியது.

"சுவர்ல ஆணியே இல்லீங்களே?"

"விக்கற மாதிரி ஆயிருச்சுன்னா, வாங்கறவங்க குறை சொல்லக் கூடாதுங்களே."

"வாங்கறவர் யாருங்க?"

"இன்னும் யாரும் இல்லீங்க. அப்படி ஒருத்தர் வந்துட்டாருன்னா..."

அவர் தலையாட்டினார்.

"வீட்டுல எத்தனை பேருங்க?"

அவருக்குத் தெரியாததா? இருந்தாலும் சொன்னாள். "மூணு பேருங்க."

"அஞ்சு பேர் இருக்கற மாதிரி தெரியுதுங்க" என்றார் சத்தியநாதன். "உள்ளறையில கடைக்காரர் படுத்திருக்கார். கூடத்துல வாங்கப் போறவர் சுவரைப் பாத்துட்டு நிக்கறார். நீங்க மூணு பேரும் எங்கங்க இருக்கீங்க?"

கந்தவேல் சிரித்துவிட்டான். சிரித்ததில் இடுப்பு சுண்டி இழுக்க, முகத்தைச் சுளித்துக்கொண்டு சுவரைப் பிடித்தான். சத்தியநாதன் சிரிக்கவில்லை.

வாசல் வரை போனவரைப் பூங்கொடி நிறுத்தினாள்.

"அப்ப எல்லாத்தையும் பிரிச்சுடச் சொல்றீங்களா சாமி?"

"வீடு உங்களுதுங்கக்கா" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

அவளுக்குக் கோபம் வந்தது. அத்தனை தூரம் வந்தவர் ஒரு வழியைச் சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? "அவருக்கென்ன. தவணையா, பிள்ளை குட்டியா" என்று பாத்திரத்தை அழுத்தித் தேய்த்தாள். தேய்த்து முடித்து வந்தவள் சோபாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்த சோபா நமக்கு வேணுங்களா?"

"நீதானே ஆசைப்பட்டே."

"ஆமாங்க. லைன் வீட்டுல கால் நீட்ட எடமில்லாம கெடந்தமா, சோபா வந்தாத்தான் அது வீடுன்னு நெனச்சுட்டேன்." பிறகு மேஜையைப் பார்த்தாள். "இதுவும் போகட்டும். கீழ உக்காந்து சாப்பிடறது எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லீங்க."

"கட்டில்?"

அவள் எழுந்து பாயை விரிக்கப் போனாள்.

மறுநாள் அவள் போன் செய்து சொல்ல, கடையிலிருந்து வண்டி வந்தது. இரண்டு பேர் சோபாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்து மேஜை போயிற்று. ஒருவர் திரும்பி வந்து உள்ளறையை எட்டிப் பார்த்தார்.

"கட்டிலுங்க?"

பூங்கொடி சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுத்து வந்தாள்.

"பிரிச்சா நாங்க எடுத்துக்க மாட்டோமுங்க" என்றார் அவர்.

"தெரியுமுங்க."

முதல் கீறல் கோணலாகப் போனது. பிறகு அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பிளாஸ்டிக் கிழிந்த சத்தம் பொருள் இல்லாத கூடத்தில் பெரிதாகக் கேட்டது. புது மெத்தையின் வாடை அறை முழுக்கப் பரவியது. கந்தவேல் ஓரத்தில் உட்கார்ந்து, மெல்லக் காலைத் தூக்கி வைத்து, மல்லாந்து படுத்தான். முன்கையை மடித்துக் கண்ணின் மேல் வைத்துக்கொண்டான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த யாழினி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். உள்ளே போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அம்மா, ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா?"

பூங்கொடி வெள்ளைச் சுவரைப் பார்த்தாள்.

"அடி" என்றாள்.

பயம் அவளை விட்டுப் போய்விடவில்லை. மாதம் பிறந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்தது. கம்பெனி வாசலில் நாலு பேர் கூடி நின்றால் காலின் வேகம் தானாகக் குறைந்தது. ஆனால் வேலை விட்டு வந்து வாசல் கதவைத் திறக்கும்போது, யாரோ உள்ளே இருப்பது போல மெதுவாகத் திறக்கும் பழக்கம் எப்போது போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

ஐந்து வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை செக்கிங் பிரிவை மூடினார்கள். மிச்சமிருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். பூங்கொடி எல்லோரையும் பஸ் ஏற்றிவிட்டுக் கடைசியாக வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பல்லடம் சாலைக்குப் போனாள். ஒரு மணி நேரம் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் போனதும் சொன்னாள்.

"வேலை போயிருச்சுங்க சாமி."

"எப்பங்க?"

"முந்தாநாளுங்க."

சத்தியநாதன் எழுந்து போய் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவள் குடித்தாள்.

"ஒரு சின்ன யூனிட்ல பீஸ் கணக்குக் கூலிக்குக் கூப்பிடறாங்க. வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறை இன்னும் ஓடுதுங்க. இழுத்துப் பிடிச்சா ஒரு வருசம் ஓட்டிரலாம். அதுக்கு மேல என்னன்னு தெரியலீங்க."

"ம்."

"வீடு போயிருமுங்களா?"

"போகலாமுங்கக்கா."

எத்தனையோ மாதமாக அவள் யார் வாயிலிருந்தும் கேட்டுவிடக் கூடாது என்று பயந்திருந்த சொல் அது. கேட்டுவிட்டாள். வெளியே சாலையில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சொம்பு இன்னும் அவள் கையில் இருந்தது.

"அப்படிச் சொல்லிட்டீங்களே சாமி. அதை எப்படிங்க தாங்கறது?"

"முன்ன தெனமும் போயிட்டிருந்துச்சுங்க. இனிப் போனா ஒரு தடவைதானுங்கக்கா போகும்."