தாமரை இலையில் ஏறாத இலைக்கோழி

காட்டுக்குள் ஒரு குளம். குளம் முழுக்கத் தாமரை இலைகள். அந்த இலைகள் மேல் ஓடி ஓடிப் பூச்சி பொறுக்கித் தின்னும் இலைக்கோழி ஒன்று, தன் குஞ்சுகளோடு அங்கே குடியிருந்தது. கால்விரல்கள் நீள நீளமாக இருந்ததால் அதற்கு நெடுவிரலி என்று பெயர்.

கரையில் ஒரு மருதமரம். அதன் அடியில், இரண்டு மூன்று குடும்பம் தங்கும் அளவுக்குப் பெரிய பொந்து. கோடை வந்தால் மலைமேல் இருக்கும் விலங்குகள் தண்ணீர் தேடி இறங்கி வந்து அதில் தங்கும். பொந்தைப் பெருக்கிச் சுத்தம் செய்து வாடகைக்கு விடுவது நெடுவிரலிதான். வாடகை, பழமும் தானியமும்.

தங்க வருகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம். கரையோரம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குளிக்கலாம். தாமரை இலையில் மட்டும் காலை வைக்கக் கூடாது. இலைக்கு அடியில் ஆழமோ ஆழம்!

நெடுவிரலிக்குக் கூச்சம் அதிகம். வீடு தேடி வந்தவர்கள் முகத்தைப் பார்த்துக் "கூடாது" என்று சொல்ல வாய் வராது. அதனால் கத்துவதற்கென்றே ஒரு தவளையை வைத்திருந்தது.

அந்தக் கோடையில் வால்முறுக்கி என்ற குரங்கு, மனைவியோடும் மகன் சுண்டுவோடும் வந்து இறங்கியது.

"இலையில் ஏறாதே! இலையில் ஏறாதே!" என்று தவளை ஆரம்பித்தது.

"தெரியும், தெரியும்! மரத்துக்கு மரம் தாவுறவங்களுக்கே பாடம் எடுக்கிறியா?" என்றது வால்முறுக்கி.

சுண்டு அதற்கு மெட்டுப் போட்டு, "இலையில் ஏறாதே, லல்லல்லா!" என்று குதித்துக் குதித்து ஆடியது.

"மெட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பாட்டு இல்லடா தம்பி, சட்டம்!" என்றது தவளை. யார் கேட்டார்கள்?

மறுநாள் காலை. நெடுவிரலியின் குஞ்சுகள் வழக்கம்போல இலைக்கு இலை ஓடிப் பிடித்து விளையாடின. கரையில் நின்ற சுண்டுவுக்குக் கால் பரபரத்தது.

"டேய், நில்லுங்கடா! நானும் வரேன்!"

ஒரே தாவல். இலை மடங்கியது. "அப்பா!" என்ற சத்தத்தோடு சுண்டு உள்ளே போனது.

நெடுவிரலி ஓடி வந்தது. குரங்குக் குட்டியைத் தூக்க அதற்கு ஏது பலம்? அன்றுவரை உரக்கப் பேசாதது, காடே அதிரக் கத்தியது.

"வால்முறுக்கி அண்ணா! ஓடி வாங்க! பிள்ளை தண்ணிக்குள்ள!"

நீர்க்குமிழி வரும் இடத்துக்குப் பறந்து போய், அங்கேயே சிறகடித்து நின்றது. "இங்க! இந்த இடத்துல!"

வால்முறுக்கி குளத்தின்மேல் தாழ்ந்த கிளையில் தொங்கி, கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவியது. நல்லவேளை, சுண்டுவின் கை சிக்கியது!

சுண்டு தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதது. தகப்பனுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது.

"உன்னை நம்பித்தானே தங்க வந்தோம்!"

"தவளை தொண்டை கிழியக் கத்துச்சே அண்ணா..."

"கத்துச்சு! உன் குஞ்சுங்க என்ன பண்ணுச்சு? அதுங்க ஓடுறதைப் பார்த்துட்டு என் பிள்ளை சும்மா இருக்குமா?"

'எங்கள் விரல் நீளம், அதனால் இலை தாங்குகிறது' என்று சொல்ல நெடுவிரலி வாயெடுத்தது. சுண்டுவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டது. அந்தக் குட்டி, அழுகைக்கு நடுவிலும் குஞ்சுகளின் கால்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றே நெடுவிரலி தன் குஞ்சுகளைக் கூப்பிட்டது. "விருந்தாளிங்க ஊர் போற வரைக்கும் நம்மளும் இலையில ஏறப் போறதில்ல. கரைச் சேத்துல நத்தை பொறுக்கித் தின்போம்."

"ஐயே, சேறா! அவங்க தூங்கும்போது மட்டும் இலைக்குப் போயிட்டு வரலாமா அம்மா?"

"தூங்குற பிள்ளை எப்ப முழிக்கும்னு யாரு கண்டா? வேண்டாம்!"

குஞ்சுகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டன. ஆனாலும் சேற்றில் இறங்கின. கொஞ்ச நேரத்தில் சுண்டுவும் வந்து அவற்றோடு சேற்றில் புரண்டது. இலைப் பக்கம் அது திரும்பவே இல்லை!

சில நாளில் ஒரு காட்டு ஆடு தன் குட்டிகளோடு வந்தது. இந்த முறை தவளை வாயைத் திறக்கும் முன் நெடுவிரலியே முன்னால் போய் நின்றது. ஓர் உருண்டைக் கல்லை இலைமேல் உருட்டிவிட்டது. இலை மடங்கி, கல் மூழ்கிப் போனது.

"பார்த்தீங்களா அக்கா? இதுல யாரும் ஏறக் கூடாது. நாங்களும் ஏறுறதில்ல!" என்றது, முகத்தை நேராகப் பார்த்து.

அப்படியும் ஒரு துடுக்கு ஆட்டுக்குட்டி இலைப் பக்கம் காலை நீட்டியது. தவளை கத்தவில்லை. நெடுவிரலியும் கத்தவில்லை. மரத்தின் மேலிருந்து வால்முறுக்கிதான் கத்தியது.

"ஏய் குட்டி, காலை எடு! இலைக்கோழிக் குஞ்சுங்களே சேத்துல நிக்குது, உனக்கு என்ன இலை கேக்குது?"

"தெரியும், தெரியும்னு சொன்னவரா இவரு!" என்று தவளை வயிறு குலுங்கச் சிரித்தது.

சட்டம் சொல்லும் வாயைப் பிள்ளைகள் பார்ப்பதில்லை, சொன்னவர் கால் எங்கே நிற்கிறது என்றுதான் பார்ப்பார்கள் என்பதால், பிறர் கேட்க வேண்டிய சட்டத்தின்படி நாமே முதலில் நடந்து காட்ட வேண்டும்.