ஐந்து கேள்வியும் ஓடைப்பாலமும்

கோணல்பட்டிக்கு நடுவே ஒரு ஓடை. மழை பிடித்துக்கொண்டால் அக்கரையில் இருப்பவர்களுக்குக் கடையும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது. பாலம் கட்டித் தருவதாகப் பஞ்சாயத்துத் தலைவர் தவசிமணி மூன்று தேர்தலிலும் பேசினார். மூன்று தடவையும் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டுப் போட்டவர் பூவலிங்கம். அவ்வளவு உருக்கமான பேச்சு.

நாலாவது தேர்தல் வந்தது. இந்தத் தடவை ஏமாறுவதில்லை என்று பூவலிங்கமும் நாலு கூட்டாளிகளும் டவுன் கல்லூரி வாத்தியாரம்மாவிடம் யோசனை கேட்கப் போனார்கள்.

"பேச்சை ஒரு நாடகமா நினைச்சுப் பாருங்க," என்றார் அவர். "என்ன நடக்குது, எங்கே, யாரு, எதை வச்சு, எதுக்காக. இந்த அஞ்சையும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா உங்களை யாரும் ஏமாத்த முடியாது."

திரும்பி வரும் பஸ்ஸிலேயே ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். பூவலிங்கத்துக்கு 'எதுக்காக' வந்தது. அதை எந்த இடத்தில் பிடிப்பது என்று புரியாமல் மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கூட்டத்தன்று தலைவர் வாயைத் திறந்ததும், 'யாரு' பொறுப்பிலிருந்த மாரநாடு மேடையேறி அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்தார். 'எதை வச்சு' இருளப்பன் மைக்கைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டார். 'எங்கே' காத்தவராயன் மேடையின் காலைக் கட்டிக்கொண்டார்.

"இடுப்பை விடுப்பா," என்றார் தலைவர்.

"விட்டா ஏமாத்திருவீங்களாமே," என்றார் மாரநாடு, மரியாதையாக.

'என்ன நடக்குது' குருசாமி எழுந்து கூட்டத்தைப் பார்த்து அறிவித்தார். "பதினஞ்சு வருஷமா ஒண்ணும் நடக்கலை."

கூட்டம் கைதட்டியது. எதற்கென்று குருசாமிக்குப் புரியவில்லை.

பூவலிங்கம் தலைவரின் சட்டைப்பையில் 'எதுக்காக'வைத் தேடினார். ஒரு சீப்பு இருந்தது. பேச்சு எழுதிய தாள் இருந்தது. தாளின் ஓரத்தில் 'இங்கே அழவும்' என்று குறித்திருந்தது. பூவலிங்கத்துக்கு மனசு இளகிவிட்டது. பாவம், மனுஷன் மறந்துவிட்டார் போல என்று தலைவர் தொடையில் நன்றாகக் கிள்ளினார்.

தலைவர் நிஜமாகவே அழுதார். "எல்லாம் பாலத்துக்காகத்தான்யா."

"கிடைச்சிருச்சு," என்றார் பூவலிங்கம் நிம்மதியாக.

"பாலம் எங்கே?" என்று கேட்டார் காத்தவராயன்.

"ஓடையில," என்றார் தலைவர்.

காத்தவராயன் முகம் சுண்டிப்போனது. "அப்ப நான் தப்பான 'எங்கே'யைப் பிடிச்சுக்கிட்டிருக்கேன்."

ஐந்து பேரும் ஆலோசித்தார்கள். பாலம் ஓடையில் என்றால் மேடை மைதானத்தில் நிற்பது முறையல்ல. பலகையும் சவுக்குக் கம்புமாகக் கூட்டமே மேடையைப் பெயர்த்துக்கொண்டு நடந்தது. மாரநாடு பிடியை விடாததால் தலைவரும் கூடவே வந்தார். ஓடையில் கம்பை ஊன்றிப் பலகையைப் பரப்பினால், இக்கரைக்கும் அக்கரைக்கும் சரியாக எட்டியது.

அக்கரையிலிருந்து ஒரு பிள்ளைத்தாச்சி கால் நனையாமல் நடந்து வந்தாள். பின்னாலேயே ஒருவர் பால்கேனோடு வந்தார்.

பூவலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படியொரு நாடகத்தை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. துண்டைத் தலைக்கு மேலே சுழற்றி, "ஒன்ஸ் மோர்" என்றார்.

நியாயமான கோரிக்கை என்றே எல்லோருக்கும் பட்டது. பிள்ளைத்தாச்சியை நாற்காலியில் உட்காரவைத்து அக்கரையில் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டார்கள். பால்காரரையும் திருப்பி அனுப்பினார்கள். பிறகு பலகைகளைப் பிரித்துத் தலையில் ஏற்றி, தலைவரையும் தூக்கிக்கொண்டு, முதலிலிருந்து தொடங்குவதற்காக மைதானத்துக்கு நடந்தார்கள்.