காணும் பொங்கலன்று நீந்திய கோபுரம்

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

பெண்கள் நீச்சல் உடை அணிவதே ஊர்ப்பேச்சாக இருந்த காலத்தில், திருச்சியில் ஒரே கல்லூரியில் படித்த நான்கு பெண்கள் நீந்தக் கற்றுக்கொண்டார்கள். சௌந்தரம், மங்கை, சுபைதா, பிலோமினா. நீச்சல் குளத்தில் பெண்களுக்கு விடிகாலையில் ஒரு மணி நேரம்தான். விசில் ஊதினால் ஏறிவிட வேண்டும். ஈரப் பின்னல் தாவணியை நனைக்க, அப்படியே முதல் வகுப்பில் போய் உட்காருவார்கள். குளோரின் வாசனை மத்தியானச் சோறு வரைக்கும் கையில் இருக்கும். வெயிலில் கறுத்தால் எவன் கட்டிக்கொள்வான் என்று நான்கு வீட்டிலும் ஒரே பாட்டு.

காணும் பொங்கலன்று ஊரே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு முக்கொம்புக்குப் போய்விடும். குளம் காலியாகக் கிடக்கும். அன்று மட்டும் விசில் கிடையாது. அந்த ஒரு நாளுக்கென்றே அவர்கள் ஒரு கடும் பயிற்சியை உண்டாக்கினார்கள். குளத்தில் போய்த் திரும்பினால் ஒரு சுற்று. முதலில் ஒன்று, சற்று மூச்சுவிட்டு இரண்டு, பிறகு மூன்று என்று ஏழு வரை ஏற வேண்டும். அதேபோல ஒன்று வரை இறங்க வேண்டும். அதற்குக் கோபுரம் என்று பெயர் வைத்தார்கள். முன்னால் நீந்தும் சௌந்தரம் எண்ணுவாள். ஒவ்வொரு நிலை முடிந்ததும் சுவரருகே நின்று விரலைக் காட்டுவாள். மற்றவர்கள் எண்ணுவதே இல்லை.

கல்யாணம் வந்தது, மாற்றல்கள் வந்தன. சுபைதா டில்லியிலிருந்து ரயிலேறி வந்து நீந்திய வருடமும் உண்டு. மங்கை கைக்குழந்தையைக் கரையில் தூங்கவிட்டு நீந்திய வருடமும் உண்டு. கோபுரம் நிற்கவில்லை.

அறுபதை நெருங்கும்போது பிலோமினாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சையும் மருந்தும் முடிந்து, தலையில் மறுபடி முடி முளைத்திருந்த நேரத்தில் காணும் பொங்கல் வந்தது. நீந்தலாம், மூச்சு வாங்கினால் உடனே ஏறிவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இது நால்வருக்கும் தெரியும்.

தண்ணீரில் இறங்குமுன் பிலோமினா தோழிகளை நிறுத்தினாள்.

“ஒரு வருஷமா மத்தவங்க படுன்னா படுத்தேன், எந்திரின்னா எந்திரிச்சேன். இது ஒண்ணாவது என் இஷ்டப்படி நடக்கட்டும். நானா ஏறுற வரைக்கும் யாரும் என்னைத் தடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்கடி.”

மூவரும் சத்தியம் செய்தார்கள்.

ஏழு வரை நன்றாகவே ஏறினாள். பழைய வேகம் இல்லை. ஆனால் கை வீச்சில் பழைய அழகு இருந்தது. ஆறும் இறங்கியாயிற்று. ஐந்தில் இரண்டு சுற்று முடித்துச் சுவரைப் பிடித்தவளின் உதடு நீலம் பாரித்திருந்தது.

சுபைதா அவள் தோளைப் பற்றினாள். “போதும்டி. ஏறு.”

“சத்தியம் பண்ணியே?”

“பண்ணினேன். இப்போ மீறுறேன். ஏறு.”

பிலோமினா கையை உதறிவிட்டு மறுபடி நீந்தத் தொடங்கினாள். சுபைதா கரையேறி, உயிர்காப்பாளரை அழைத்து வந்து விளிம்பில் நிறுத்தினாள். தானும் அவர் பக்கத்திலேயே நின்றாள். அதற்குப் பிறகு அவள் நீந்தவில்லை.

மங்கை ஒன்றும் சொல்லவில்லை. கையெட்டும் தூரத்தில், பிலோமினாவின் வேகத்துக்கே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அவள் பக்கம் முகத்தைத் திருப்பி மூச்சு எடுத்தபடி கூடவே நீந்தினாள்.

அந்தச் சுற்று முடிந்ததும் சௌந்தரம் சுவரருகே நின்று ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். “அஞ்சு முடிஞ்சது!” உண்மையில் மூன்றுதான் ஆகியிருந்தது. அடுத்து நாலை இரண்டாக்கினாள், மூன்றை இரண்டாக்கினாள். கடைசி இரண்டு நிலைகளில் மட்டும் கை வைக்கவில்லை. அங்கே குறைத்தால் எவளுக்கும் தெரிந்துவிடும். மங்கைக்குப் புரிந்தது. கரையில் பிலோமினாவையே பார்த்துக்கொண்டு நின்ற சுபைதா சுற்றுகளை எண்ணவில்லை.

பிலோமினா கடைசிச் சுற்றை முடித்து, சுவரைத் தொட்டு, மல்லாந்து மிதந்து, வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு யார் கையையும் பிடிக்காமல் ஏணியில் ஏறினாள். சௌந்தரத்தையும் மங்கையையும் கட்டிக்கொண்டாள். சுபைதாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. எடுத்து வந்த சர்க்கரைப் பொங்கலை மூன்று பேர்தான் சேர்ந்து தின்றார்கள்.

சத்தியத்தை முகத்துக்கு நேரே மீறினாள் ஒருத்தி. சத்தியத்தைக் காத்துக் கூடவே நீந்தினாள் ஒருத்தி. மீறாததுபோல இருந்து எண்ணிக்கையைக் குறைத்தாள் ஒருத்தி. சொல்லுங்கள், இந்த மூவரில் தோழியாகச் சரியாக நடந்தவள் யார்?

விடை: சுபைதா. சௌந்தரம் பிலோமினாவின் உடம்பைக் காத்தாள், ஆனால் அவள் ஆசைப்பட்ட கோபுரத்தை அவளுக்குத் தெரியாமலே இடித்துவிட்டாள். மங்கை வாக்கைக் காத்தாள், ஆனால் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தும் பேசவில்லை. கோபம் வரும் என்று தெரிந்தே உண்மையைச் சொன்னவள் சுபைதா ஒருத்திதான். இது நான் தனியாகச் சொல்லும் தீர்ப்பு அல்ல. சித்திரையில் பிலோமினா மறுபடி ஸ்கேன் எடுக்கப் போக வேண்டியிருந்தது. அதுவரை பேசாமல் இருந்தவள் சுபைதாவுக்குத்தான் போன் செய்தாள். “நீ வாடி துணைக்கு. டாக்டர் என்ன சொன்னாலும் நீ மறைக்காம சொல்லுவே.”