முன்னுரை வாத்தியார்

எங்கள் வெங்கலப்பட்டியில் அறிவுக்கு என்றைக்கும் குறைவு வந்ததில்லை. செலவழித்தால்தானே குறையும்? அந்த அறிவெல்லாம் குவிந்து கிடந்த இடம் மேல்நிலைப் பள்ளி. அங்கே இங்கிலீஷ் நடத்த மூன்று பேர். ஒன்பதாம் வகுப்புக்கு ஞானசிகாமணி, பத்தாம் வகுப்புக்கு ரெஜினா டீச்சர், பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு மாசிலாமணி.

ஒருநாள் தலைமையாசிரியை, "மூணு பேரும் ஒரே பாட்டைப் பாடாதீங்க. முன்னுரை, பொருளுரை, முடிவுரை மாதிரி, ஒருத்தர் விட்ட இடத்துல அடுத்தவர் தொடங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லாமலே போயிருக்கலாம்.

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"மூத்தவன் நான். முன்னுரை எனக்கு," என்றார் ஞானசிகாமணி.

"அப்ப காரணம், விவரமெல்லாம் என் தலையிலயா?" என்றார் ரெஜினா டீச்சர்.

"முடிவுரையை நான் பார்த்துக்கறேன். அதுதான் சின்னதா இருக்கும்," என்றார் மாசிலாமணி.

அன்றிலிருந்து ஒன்பதாம் வகுப்பில் எந்தக் கதையும் தொடங்க மட்டும் செய்தது. கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும், அத்தோடு பாடம் முடிந்தது. "அப்புறம் என்ன சார் ஆச்சு?" என்று கேட்டால், "பாஸ் பண்ணிப் பத்தாவது போ, புயல் வரும்" என்பார் ஞானசிகாமணி. ஃபெயிலான சுடலைக்கு மட்டும் அந்தக் கப்பல் வருஷா வருஷம் கிளம்பிக்கொண்டே இருந்தது.

இந்த லட்சணத்தில் பள்ளியைப் பார்வையிட அதிகாரி வருவதாகச் சேதி வந்தது. ஞானசிகாமணி அப்போதுதான் சொந்த வீட்டுக்குத் தளம் போட்டிருந்தார். பிள்ளைகள் சொதப்பினால் மலைக்கு மாறுதல் நிச்சயம். புது வீட்டில் வாடகைக்காரன்தான் பால் காய்ச்சுவான்.

அதிகாரி ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைக் கூப்பிட்டு, காய்ச்சலுக்கு லீவ் லெட்டர் எழுதச் சொன்னார். அவள் "மதிப்பிற்குரிய ஐயா" என்று அழகான இங்கிலீஷில் எழுதிவிட்டு, சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"காய்ச்சல் எங்கம்மா?"

"காய்ச்சல் பத்தாவதுல சார்."

பத்தாவதிலிருந்து ஒருவன் வந்து காய்ச்சலை எழுதினான். பிளஸ் டூக்காரன் வந்து "தங்கள் கீழ்ப்படிந்த" என்று முடித்து வைத்தான்.

"ஒரு லீவ் லெட்டருக்கு மூணு பேரா?" என்றார் அதிகாரி.

"கையெழுத்து ஒருத்தரே போட்டுக்குவாங்க சார்," என்றார் ஞானசிகாமணி அடக்கத்தோடு.

அதிகாரி டீகூடக் குடிக்காமல் கிளம்பினார். அடுத்த வாரம் ஞானசிகாமணி பெயருக்கு இங்கிலீஷில் ஓர் உத்தரவு வந்தது. அவர் முதல் பத்தியைப் படித்தார். "தங்கள் நெடுங்காலச் சேவையை இந்தத் துறை மறக்காது." மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. மீதி அவர் பாகம் இல்லையே? காகிதத்தை ரெஜினா டீச்சரிடம் கொடுத்துவிட்டு லட்டு வாங்க ஓடினார்.

ரெஜினா டீச்சர் நடுப்பத்தியைப் படித்தார். பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் முழுசாக எழுத வரவில்லை, ஆகையால் மலைக்கு மாறுதல் என்றிருந்தது. 'யாரோ, பாவம்' என்று தனக்குள் உச்சுக்கொட்டிவிட்டு, மாசிலாமணியிடம் நீட்டினார்.

மாசிலாமணி கடைசி வரியைப் படித்தார். "இதைக் கண்டவுடன் புறப்படவும்." கீழ்ப்படிவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போய், முதலில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

லட்டோடு திரும்பிய ஞானசிகாமணி, பஸ் போன திசையைப் பார்த்தபடி நின்றார்.

"எங்க போறார், ஏன் போறார்னு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாரே டீச்சர்?"

"அவர் எப்படி சார் சொல்லுவார்?" ரெஜினா டீச்சர் லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "அதெல்லாம் பொருளுரையிலதானே வருது."