வயது நானூறு, மாநிறம்

சின்னப் பதிப்பகம் போட்ட தன் மாயாஜால நாவலை ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்லி, புத்தகக் காட்சிச் செயலாளர் வைகுண்டராஜனிடம் போய் நின்றாள் செண்பகவல்லி.

"விளம்பரமெல்லாம் பெரிய பதிப்பகங்களுக்குத்தாம்மா. உங்களுக்கு யாராவது காணாமப் போனா எழுதிக் கொடுங்க, வாசிப்பாங்க," என்றார் அவர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

"சரிங்க சார்," என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சற்று நேரத்தில் திடலெங்கும் கேட்டது: "மன்னர் மேகவாகனனைக் காணவில்லை. வயது நானூறு, மாநிறம், முதுகில் சிறகு, கட்டம் போட்ட சட்டை. விவரங்களுக்குக் கடைசி வரிசைக் கடையில் செண்பகவல்லியை அணுகவும்."

கடைசி வரிசையில் நிற்க இடமில்லை. செயலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "யாரும்மா அந்த ஆளு?"

"என் நாவல்ல முதல் பக்கத்துலயே காணாமப் போறவர் சார்."

"ஆள் கிடைச்சாச்சுன்னு உடனே அறிவிக்கச் சொல்லு."

"கிடைக்கிறாரான்னு கடைசி அத்தியாயத்துலதான் தெரியும். படிச்சுட்டு நீங்களே அறிவிச்சிடுங்க."

வேறு வழியில்லாமல் செயலாளரும் நாவல் வாங்க வரிசையில் நின்றார்.