பிணைக்கு ஒரு பெயர்

முதலில் காட்டை அடைத்தார்கள். மூங்கிலும் தேனும் வெள்ளைக்கார அரசுக்குச் சொந்தம் என்றார்கள். அடுத்து உப்புக்கு வரி போட்டார்கள். கடற்கரையில் உப்பு வாங்கி, மாட்டின் முதுகில் பொதி ஏற்றி, உள்நாட்டில் கொண்டுபோய் விற்ற மக்களுக்குப் பாதிப் பிழைப்பு அதில் போனது. அதற்குப் பிறகு ரயில் வந்தது. மீதியும் போனது. பிழைப்பு போனவர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். அலைகிறவன் திருடன் என்று அடுத்து ஒரு சட்டம் எழுதினார்கள். அந்த மக்களுக்குப் பிறந்த குழந்தையும் அந்தச் சட்டப்படி திருடன்தான். கடைசியாக, அந்தி சாய்ந்ததும் அவர்கள் ஊர்ச் சாவடி முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று உத்தரவானது. மணியக்காரர் பெயரைக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் மூட்டையை அவிழ்த்துக் காட்டிவிட்டு, அங்கேயே படுத்துக்கொள்ள வேண்டும்.

செம்பரிதி எந்த மேடையிலும் இந்த வரிசையை மாற்றிச் சொன்னதில்லை. காடு, உப்பு, ரயில், சட்டம், சாவடி. ஒன்றை முன்பின்னாகச் சொன்னால் அவர்கள் திருடர்களாகவே பிறந்தார்கள் என்று ஆகிவிடும் என்பார்.

வாலிபத்தில் அந்தச் சட்டத்தின் நகலைத் தாலுகா கச்சேரி வாசலில் எரித்துச் சிறைக்குப் போனவர் அவர். சட்டம் ஒழிந்தது. அவர் இருந்த இயக்கம் இரண்டாக உடைந்தது, பிறகு நாலாக. அவர் மேடையில் ஏற்றிய பிள்ளைகள் மந்திரிகளானார்கள். அவர் யார் வீட்டு வாசலுக்கும் போகவில்லை. தலை நரைத்த பிறகு மலையடிவாரத்து மடத்துக்கு வந்து, அதன் தலைவி உலகம்மையிடம் சீடராகச் சேர்ந்தார்.

உலகம்மை அவரைவிட வயதில் மிகவும் இளையவர்.

"எனக்குச் சொல்லித்தர உங்களுக்கு என்ன தெரியும்?" என்று முதல் நாளே கேட்டார் செம்பரிதி.

"இன்னும் தெரியவில்லை. அதுவரை தண்ணீர் இறையுங்கள்" என்றார் உலகம்மை.

அந்த மடத்தில்தான் சுற்று ஊர்களின் விதைக் களஞ்சியம் இருந்தது. ஆண்டுக்கு ஒருவர் அதன் சாவியை வைத்திருப்பார். ஆடி விதைப்புக்கு முன்னால் ஊர்கள் கூடும். சாவிக்காரரின் பெயரைப் பாட்டன், அப்பன் பெயர்களோடு சேர்த்துச் சாட்சிகள் கேட்கப் படிப்பார்கள். அடுத்து, அவரை முன்மொழிந்தவரின் பெயரையும் அதே போலப் படிப்பார்கள். முன்மொழிந்தவர்தான் பிணை. விதை குறைந்தால் அவர் தன் நிலத்து விளைச்சலிலிருந்து கொடுக்க வேண்டும். உடைமை வேண்டாம் என்று பேசிவந்த செம்பரிதியின் பெயரில் தகப்பன்வழி நிலம் கொஞ்சம் இன்னும் இருந்தது.

அந்த ஆண்டு அவர் மலையாண்டியை முன்மொழிந்தார். மலையாண்டி மடத்தின் இன்னொரு சீடர். உப்புப் பொதி ஏற்றிய மக்களின் வழிவந்தவர். சட்டம் ஒழிந்த பிறகு பிறந்தவர். சாவடியை அவர் பார்த்ததே இல்லை.

"நேற்றுவரை பூட்டுக்கு வெளியே நின்றவர் கையில் இன்று சாவி" என்று செம்பரிதி பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

பெயர் படிக்கும் நாளுக்கு முதல் நாள் காலையில், மடத்தின் வெண்கலப் பானையைக் காணவில்லை.

யாரும் எதுவும் சொல்லவில்லை. கஞ்சி குடித்தார்கள். களஞ்சியத்துச் சாவி எப்போதும் அடுக்களைச் சுவரில், ஆணியில் தொங்கும். அன்று ஆணியில் சாவி இல்லை. அது செம்பரிதியின் மடியில் இருந்தது. எப்போது எடுத்துச் செருகினார் என்று அவருக்கே தெரியவில்லை.

மலையாண்டி ஆணியைப் பார்த்தார். கஞ்சியை வைத்துவிட்டுப் போய்த் தன் மூட்டையைக் கட்டினார்.

செம்பரிதி பின்னாலேயே போனார்.

"எங்க கிளம்பிட்டீங்க தோழர்?"

"ஊருக்கு."

"உங்கள யாரும் ஒண்ணும் சொல்லலயே."

"சொல்லியிருந்தா பதில் சொல்லியிருப்பேன்."

"நாளைக்கு உங்க பேரு படிக்கணும்."

"படிங்க. பிணைக்கு ஆள் நின்னா நான் இருக்கேன். நாளைக்கு வரைக்கும் பாக்குறேன்."

"நிக்காம எங்க போறேன்?"

மலையாண்டி சிரித்தார். "முதல்ல அந்தச் சாவிய எடுத்து வெளிய வைங்க தோழர். குனிஞ்சா வயித்துல குத்தும்."

செம்பரிதி உலகம்மையிடம் போனார்.

"அம்மா, அந்தச் சட்டத்தை நான் எரித்தேன். அதற்காக அடி வாங்கினேன். அது எப்படி என் கைக்குள் வந்தது?"

"இன்று சந்தை நாள். காய்கறி வாங்க வேண்டும். வாருங்கள்" என்றார் உலகம்மை.

சந்தை கல்மேட்டில் கூடும். மொட்டைப் பாறை. நிழல் கிடையாது. தண்ணீர் கிடையாது. பேருந்து சாலை வெகுதூரத்தில். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் மேடேறி வந்துகொண்டிருந்தார்கள்.

உலகம்மை கத்தரிக்காய் விற்றவளிடம் கேட்டார். "சாலையோரம் புளியமரத்து நிழல் சும்மாதானே கிடக்கிறது. இங்கே வந்து ஏன் காய்கிறாய்?"

"வாங்குறவங்க இங்கதானம்மா வர்றாங்க."

வாங்க வந்தவரிடம் கேட்டார். "நீங்கள் ஏன் இவ்வளவு தூரம் ஏறி வருகிறீர்கள்?"

"விக்கிறவங்க இங்கதான இருக்காங்க. இதென்ன கேள்வி? அம்மாவுக்கு வெயில் தலைக்கேறிடுச்சு போல."

கத்தரிக்காய்க்காரியும் சேர்ந்து சிரித்தாள்.

உலகம்மை செம்பரிதியைப் பாறையின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். பாறையில் வரிசையாகத் துளைகள் இருந்தன.

"இது என்ன?"

"மாடு கட்டும் துளை" என்றார் செம்பரிதி. "உப்புப் பொதி மாடுகள் இங்கே இளைப்பாறும். பக்கத்தில் ஊற்று இருந்ததாம். பொதியை இறக்கி விற்பார்கள். அப்படித்தான் இங்கே சந்தை..."

அவர் நிறுத்தினார்.

"உப்பு வருகிறதா?"

"இல்லை."

"ஊற்று?"

"தூர்ந்துவிட்டது."

உலகம்மை காய்களைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.

பாதி வழியில் செம்பரிதி சொன்னார்: "பானையைத் தேடிவிடலாம் அம்மா. எல்லார் மூட்டையையும் பார்ப்போம். என்னுடையதிலிருந்து தொடங்குவோம்."

"கிடைத்தால்?"

"மலையாண்டி மேல் பழி இல்லை என்று ஆகும்."

"கிடைக்காவிட்டால்?"

செம்பரிதி கொஞ்சதூரம் நடந்த பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பானை கிடைக்கும்வரை கூட்டத்தையாவது தள்ளிவைக்கலாம்."

"ஆடியைத் தள்ளிவைப்பீர்களா?"

மறுநாள் காலையில் மடத்து முற்றத்தில் ஊர்கள் கூடின. பானை கிடைக்கவில்லை. சேதி எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மலையாண்டி கூட்டத்தின் கடைசியில், வாசற்படிக்கு அருகே, மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

செம்பரிதி எழுந்தார். மேடையில் ஒலிபெருக்கி இல்லாமலே பேசிப் பழகிய குரல் அவருடையது.

"பெரியாண்டி பேரன், நல்லான் மகன், மலையாண்டி."

பெயர் கேட்டதும் மலையாண்டி எழுந்தார். நடுவே வந்தார். மூட்டையைத் தரையில் வைத்து அவிழ்த்தார். இரண்டு வேட்டி, ஒரு துண்டு, ஒரு தகர டப்பா. ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினார். டப்பாவின் மூடியையும் திறந்து வைத்தார். எழுந்து கைகட்டி நின்றார்.

யாரும் அவரை அவிழ்க்கச் சொல்லவில்லை.

முன்வரிசையில் இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆண்களில் சிலர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்த பிறகுதான் தாங்கள் பார்த்தது அவர்களுக்குத் தெரிந்தது. அவர்களும் குனிந்துகொண்டார்கள்.

செம்பரிதி பேச வாயெடுத்தார். காடு, உப்பு, ரயில் என்று தொடங்கப் போனவர், திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"பிணை?" என்று கேட்டார் கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர்.

"செம்பரிதி" என்றார் அவர்.

"அது மேடைப் பேரு தம்பி. அதுக்கு அப்பன் பாட்டன் உண்டா? மணியக்காரர் வீட்டுப் பிள்ளைதான நீங்க? அந்தப் பேரப் படிங்க."

இந்த ஊர்ச் சாவடியில் அந்திதோறும் பெயர் கூப்பிட்டவர் செம்பரிதியின் பாட்டனார். இயக்கத்தில் சேர்ந்த அன்றே, வீட்டில் வைத்த பெயரை ஒரு தாளில் எழுதித் தீயில் போட்டுவிட்டுத்தான் அவர் செம்பரிதி ஆனார்.

அவர் உலகம்மையைப் பார்த்தார்.

"அம்மா, அந்தப் பெயரை நான் எப்போதோ எரித்துவிட்டேன்."

"சட்டத்தையும்தான் எரித்தீர்கள்" என்றார் உலகம்மை.

கூட்டம் காத்திருந்தது. மலையாண்டி பரப்பிய துணிகளுக்கு அருகே அப்படியே நின்றார்.

செம்பரிதி மடியிலிருந்த சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். முதல்முறை படித்தது முன்வரிசைக்கே கேட்கவில்லை. மறுபடி படித்தார்.

"மணியக்காரர் பொன்னம்பலம் பேரன், தில்லைநாயகம் மகன், சிவக்கொழுந்து."